பெர்லினில் பெயரை மறைத்து வாழ்ந்தவர்கள்

பெர்லினில் ஹக்கெஷர் மார்க்ட் ஸ்டேஷனில் இறங்கி ரோசென்தாலர் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் 39-ஆம் எண் வரும். சுற்றிலும் புதுப்பித்துப் பளபளக்கும் கட்டடங்கள். இதன் முற்றம் மட்டும் காரை பெயர்ந்து, சுவரெங்கும் ஓவியமும் போஸ்டருமாக இருக்கிறது. இங்கேதான் ஓட்டோ வைட்டின் பட்டறை இருந்தது. பார்வையோ செவித்திறனோ இழந்த யூதத் தொழிலாளர்கள் போர்க்காலத்தில் இங்கே துடைப்பமும் பிரஷும் செய்தார்கள். வைட் யூதர் அல்ல; அவருக்கும் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஜெர்மன் ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்ததால் பட்டறை போருக்கு அவசியமான தொழிலாகப் பதிவாகியிருந்தது. அதைக் கேடயமாக வைத்துக்கொண்டு, கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸ் அதிகாரிகளுக்கு லஞ்சமும் கொடுத்து, தன் ஆட்களை முடிந்தவரை காத்தார். இப்போது அருங்காட்சியகம், கட்டணம் இல்லை.

தலைமறைவு என்றால் இருட்டறையில் மூச்சடக்கிக் கிடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பெர்லினில் நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்கள் பலருக்கு அது பட்டப்பகலில் நடந்தது. டிராமில் ஏறி, வேலைக்குப் போய், கடை வரிசையில் நின்று, எந்த நேரமும் வேறொருவராக இருக்க வேண்டும்.

அதற்குமுன் நாஜி அரசு என்ன செய்து வைத்திருந்தது என்று பார்க்க வேண்டும். 1938-இல் யூதர்களின் பாஸ்போர்ட்டில் ‘J’ எழுத்து சிவப்பில் விழுந்தது. 1939 தொடக்கத்திலிருந்து பெண்கள் ‘சாரா’, ஆண்கள் ‘இஸ்ரயேல்’ என்று பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 1941 செப்டம்பரில் ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் உடையில் மஞ்சள் நட்சத்திரம். அடுத்த மாதமே யூதர்களை நாடுகடத்தும் ரயில்கள் பெர்லினிலிருந்து கிளம்பிவிட்டன. தப்ப நினைத்தவர் பெயர், தாள், உடை மூன்றையும் ஒரே நாளில் உதற வேண்டியிருந்தது. உதறினால் ரேஷன் அட்டையும் போய்விடும். அப்புறம் சாப்பாட்டுக்கு எங்கே போவது? ஒருவர் பிழைக்கப் பல பேர் தங்கள் பங்கிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்டௌஃபென்பெர்க் தெருவில், இந்த உதவியாளர்களுக்கென்றே இருக்கும் நினைவகத்தில், நான் அதிக நேரம் நின்றது சியோமா ஷோன்ஹவுஸ் பற்றிய பகுதியில்தான். இருபது வயது ஓவிய மாணவர், தானே தலைமறைவில் இருந்தவர். டாலெம் பகுதி தேவாலயத்தில் சிலர் காணிக்கையோடு தங்கள் அடையாள அட்டையையும் போட்டுவிட்டு, தொலைந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த அட்டைகள் பிரான்ஸ் காவுஃப்மன் என்ற வழக்கறிஞரின் குழு வழியாக இவரிடம் வரும். படத்தை மாற்றி, அதன் மேல் விழும் கழுகு முத்திரையை மெல்லிய தூரிகையால் வரைந்து முடிப்பார். காவுஃப்மன் 1944-இல் சாக்சென்ஹவுசென் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷோன்ஹவுஸ் 1943-இல் சைக்கிளிலேயே சுவிட்சர்லாந்து எல்லை வரை போய்த் தப்பினார். இந்தக் கதையில் வீரம் என்று நான் நினைப்பது, பெட்டியில் அட்டையைப் போட்டவர்களின் செய்கையை. தன் பெயரை இன்னொருவர் சுமந்து நடக்கட்டும் என்று விட்டவர்கள் அவர்கள்.

வைட்டின் பட்டறையில் வேலை பார்த்த இங்கே டொய்ட்ச்க்ரோன் 1943 ஜனவரியில் தன் தாயோடு தலைமறைவானார். வேறொரு பெண்ணின் வேலைப் புத்தகத்தைக் கொண்டு, அந்தப் பெயரில் சில காலம் வேலை செய்தார். 1945-இல் கிழக்கிலிருந்து அகதிகள் குவிந்தபோது, தாயும் மகளும் கூபென் ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று பதிந்துகொண்டார்கள். குண்டுவீச்சில் தாள்கள் எரிந்துபோயின என்று சொல்லிப் புதுத் தாள் வாங்கியவர்களும் உண்டு. நகரம் இடிய இடிய, பொய்ப் பெயரோடு வாழ்வது கொஞ்சம் எளிதானது. நினைத்தால் நெஞ்சை என்னவோ செய்கிறது.

பட்டறையின் கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. ஹோர்ன் குடும்பத்தின் நான்கு பேர் அங்கே ஒளிந்திருந்தார்கள். வாசலை ஓர் அலமாரி மறைத்தது. 1943 அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டு அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த அறைக்குள் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. பெர்லினில் ஏறக்குறைய 7,000 பேர் தலைமறைவானார்கள்; உயிரோடு மிஞ்சியவர்கள் சுமார் 1,700.

மறுநாள் எஸ்-பான் என்ற நகர ரயிலில், யூதர்களை ஏற்றிய ரயில்கள் கிளம்பிய க்ரூனவால்ட் ஸ்டேஷனுக்குப் போனேன். 17-ஆம் நடைமேடையின் ஓரங்களில் இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, ஆட்களின் எண்ணிக்கை, சேருமிடம். 1945 மார்ச் மாதத் தகடு வரை படித்துக்கொண்டே நடந்தேன். போர் முடியச் சில வாரங்களே இருந்த நேரத்திலும் அனுப்பியிருக்கிறார்கள். பெர்லின் போகிறவர்கள் இந்த இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். பட்டறையைப் பார்த்தபின் இங்கே வந்தால், அந்தப் பொய்ப் பெயர்கள் எதிலிருந்து காப்பாற்றின என்பது விளங்கும்.

ஹான்ஸ் ரோசென்தால் கதையையும் சொல்லிவிடுகிறேன். லிஷ்டென்பெர்க் பகுதியின் சிறு தோட்டக் குடியிருப்பு ஒன்றில், ஒரு குடிசையில் பதின்வயதுப் பையனாக ஒளிந்திருந்தார். பெண்கள் மூவர் அவரைக் காத்தார்கள். பின்னாளில் ஜெர்மனியே ரசித்த தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஆனவர் இவர்தான். 1945-இல் சோவியத் படை வந்ததும் மஞ்சள் நட்சத்திரத்தை எடுத்து மீண்டும் அணிந்துகொண்டு வெளியே வந்தார். வீரர்கள் நம்பவில்லை, நட்சத்திரம் குத்திக்கொண்டு தப்பப் பார்க்கும் நாஜி என்று நினைத்து அவரைச் சுடப் போனார்கள். அங்கே வந்த யூத அதிகாரி ஒருவர், யூதன் என்றால் ‘ஷெமா இஸ்ரயேல்’ ஜெபத்தைச் சொல் என்றார். ரோசென்தால் சொன்னார், விட்டுவிட்டார்கள்.