சொட்டு கண்ணுக்குள் விழவே இல்லை

பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோவிலுக்கு ஏறிப்போகும் வழியில் மான்கள் நிற்பது திருகோணமலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2021 கடைசியில் ஒருநாள் அந்த வழியால் நடக்கும்போது பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மம்மா, மானில மோதப் போறீங்கள்!" இடப்பக்கத்தில் ஒரு முழு மான் நின்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கறுப்பாக எதுவும் மறைக்கவில்லை, மங்கலாகவும் இல்லை. அந்த இடத்தில் தெருவும் புல்லும் இருப்பது போலத்தான் இருந்தது. பார்வை போன இடத்தை மூளை தானாகவே நிரப்பிவிடும் என்று பிறகுதான் அறிந்தேன்.

கண் கிளினிக்கில் கண்ணை விறைக்க வைக்கும் துளியும் மஞ்சள் சாயமும் போட்டு, நீல வெளிச்சத்தைக் கண்ணோடு ஒட்டவைத்து அழுத்தம் பார்த்தார்கள். சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்கும். எனக்கு இடது கண்ணில் 34, வலது கண்ணில் 28. குளுக்கோமா, கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் வருத்தம். வைத்தியர் நிதானமாகச் சொன்னார்: போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்ற அழுத்தத்தை 16க்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. கடைசி ஆறு வருடம் அவர் சுவரைத் தடவித் தடவித்தான் குசினிக்குப் போனார். வயது போன கண் என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். ஒருவரும் அழுத்தம் பார்க்கவில்லை.

முதலில் லட்டானோபுரோஸ்ட், இரவில் ஒரு சொட்டு. இரண்டு மாதத்தில் இடது கண் 26க்குத்தான் இறங்கியது. டிமோலோல் சேர்த்தார்கள், காலையும் மாலையும். ஒரு கிழமைக்குள் இரவில் நெஞ்சு இறுகி, மூச்சு விட முடியாமல் எழும்பி உட்கார்ந்தேன். சின்ன வயதில் எனக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, இருந்தது. நாற்பது வருடமாக வராததால் அதைச் சொல்லவே தோன்றவில்லை. கண்ணில் விடும் ஒரு சொட்டு நெஞ்சுக்குப் போகும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் போகும். முட்டு உள்ளவர்களுக்கும், நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் டிமோலோல் கூடாது. கண் வைத்தியர்தானே என்று நினைக்காமல் பழைய வருத்தங்கள் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லுங்கள்.

அதை நிறுத்திவிட்டு டோர்சோலமைட்டும் பிரிமோனிடினும் தந்தார்கள். டோர்சோலமைட் கண்ணை எரிக்கும், கொஞ்ச நேரத்தில் நாக்கில் கசக்கும். அந்தக் கசப்பைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால், விஷயம் முழுவதும் அந்தக் கசப்பில்தான் இருந்தது.

இதற்கிடையில் 2022 வந்தது. மருந்துத் தட்டுப்பாடு, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். லட்டானோபுரோஸ்டைத் திறக்கும்வரை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 பாகைக்கு மேல் போகக்கூடாது, நாலு முதல் ஆறு கிழமைக்குள் முடிக்க வேண்டும். எங்கள் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 25 பாகை ஏது? ஒரு பாமசியில் வெயில் விழும் தட்டிலிருந்து போத்தலை எடுத்துத் தந்தார்கள். நானும் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் பிரிட்ஜ் ஓடாத நேரத்தில் போத்தலைப் பொலித்தீன் பையில் கட்டி, தண்ணீர் மண்பானைக்குள் இறக்கி வைத்தேன். இப்போது மருந்து வாங்கப் போகும்போது ஐஸ் போட்ட பிளாஸ்கைக் கையோடு கொண்டுபோகிறேன், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தால்தான் வாங்குவேன்.

அழுத்தம் 24இல் நின்றுவிட்டது. அசெட்டசோலமைட் குளிசையும் கொஞ்ச நாள் குடித்தேன். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருக்கும், சோடா குடித்தால் ருசியே மாறியிருக்கும். கொழும்பில் பார்வைப் புலச் சோதனை செய்தார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்த வேண்டும். இடது கண்ணின் படத்தில், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு கூடியிருந்தது. சத்திரசிகிச்சை செய்து, கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய ஒரு புது வழி வெட்டவேண்டி வரலாம் என்றார்கள். இரவு ரயிலில் திரும்பி வரும்போது நான் தூங்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் வைத்தியரைப் பார்க்க வரிசையில் இருந்தேன். ஒரு தாதி, வயதில் என் மகளைவிடச் சின்னவள், என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, நீங்கள் மருந்து எப்படிப் போடுறீங்கள் எண்டு ஒருக்கா காட்டுங்கோ."

காட்டினேன். தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, போத்தலை உயரப் பிடித்து அமத்தினேன். முதல் சொட்டு இமையில் விழுந்து கன்னத்தில் வடிந்தது. இரண்டாவது உள்ளே போனது, உடனே கண்ணை இறுக்கி நாலைந்து தரம் சிமிட்டினேன். பிறகு ஒரு நிமிடம்கூட விடாமல் அடுத்த மருந்தை எடுத்தேன். வீட்டில் எட்டு மாதமாகச் செய்ததும் இதுதான்.

"நாக்கில கசக்குமே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மூக்குப் பக்கத்துக் கண் மூலையில் கண்ணீர் வடியும் சின்னக் குழாய் இருக்கிறது, சிமிட்டும்போது மருந்து அதற்குள் இறங்கித் தொண்டைக்குப் போகிறது என்று விளக்கினாள். கண்ணில் இருக்க வேண்டிய மருந்தை நான் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். டிமோலோல் நெஞ்சுக்குப் போனதும் அந்த வழியால்தான்.

அவள் சொல்லித்தந்தபடி இப்போதும் செய்கிறேன். கை கழுவி, தலையணை வைக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும். கீழிமையை இழுத்துப் பை போலச் செய்து, போத்தல் நுனி கண்ணில் முட்டாமல் அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிடப் பெரியது, இரண்டாவது விட்டால் வடிந்துதான் போகும். கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் மூன்று நிமிடம் அமத்திப் பிடிக்க வேண்டும். சிமிட்டக்கூடாது. அடுத்த மருந்துக்கு முன் குறைந்தது ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். குளிர்ந்த மருந்து என்றால் சொட்டு விழுந்ததா இல்லையா என்று தோலுக்கே தெரியும். எனக்கு அது பெரிய உதவி.

இன்னொன்றையும் அன்று சொன்னேன். ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று வைத்தியர் கேட்கும்போதெல்லாம் ஓம் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் பத்திரகாளி அம்மன் திருவிழா நாட்களிலும், நித்திரை தூக்கும் இரவுகளிலும் விட்டிருக்கிறேன். வலியில்லாத வருத்தம், ஒருநாள் விட்டாலும் கண் எதையும் காட்டாது. தாதி ஏசவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பல் தீட்டும்போதே போடச் சொன்னாள்.

ஆறு கிழமைக்குப் பிறகு இடது கண் 17, வலது 15. மருந்து மாறவில்லை, அதே போத்தல்கள்தான். வைத்தியர் இரண்டு தரம் அளந்து பார்த்தார். பிறகு பிரிமோனிடின் ஒத்துக்கொள்ளாமல் கண் சிவந்து இமை அரித்தது. பக்கத்து வீட்டு அக்கா தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரு துளி மருந்தைத் தந்தார். போடாமல் கிளினிக்குக் கொண்டுபோனேன், ஸ்டீரொயிட் கலந்தது. அழுத்தத்தை ஏற்றிவிடும் மருந்து. பிரிமோனிடினையும் நிறுத்தினார்கள். குளிசையும் நின்றது. இப்போது இரண்டே மருந்து, சத்திரசிகிச்சைப் பேச்சு இப்போதைக்கு இல்லை. கடைசிப் புலச் சோதனையில் கறுப்பு கூடவில்லை. என் இமை மயிர் நீண்டு கறுத்திருக்கிறது, லட்டானோபுரோஸ்டின் வேலை அது. மை பூசினேனா என்று தங்கச்சி கேட்கிறாள்.

கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தங்கச்சிக்கும் மகளுக்கும் பிரச்சினை இல்லை. மூதூரில் இருக்கும் அண்ணைதான் தனக்கு நல்ல பார்வை என்று ஒரு வருடம் மறுத்தார். போன மாசியில் ஒருவழியாகக் கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்தார். இரண்டு கண்ணிலும் 27. அன்று இரவு எங்கள் வீட்டில் அவரைப் பாயில் படுக்கவைத்து முதல் சொட்டை நான்தான் விட்டேன். மூலையை அமத்தச் சொல்லி, பக்கத்தில் இருந்து நூற்றெண்பதுவரை எண்ணினேன்.