அடுத்த மேசைக்கு இருக்கும்

"எனக்கே ஆட்சேபம் இல்லையே, நடுவரே" என்றார் அவர். "உங்களுக்கு இல்லை சார், அடுத்த மேசைக்கு இருக்கும்" என்றேன் நான். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுப் போட்டி ஒன்றில், ஆடிய அவருக்கும் நடுவரான எனக்கும் நடந்தது அவ்வளவுதான். யாரும் குரலை உயர்த்தவில்லை. அவர் சிரித்துவிட்டு, எதிரில் நின்ற பையனிடம் "சரிப்பா, வேற யாரையாவது சுடு" என்று சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அவர் இறந்த பிறகுதான் இந்த இரண்டு வரிகளும் என்னை விடாமல் சுற்றுகின்றன.

பையனுக்கு அது முதல் போட்டி. அவனுடைய துப்பாக்கி வீரர்களுக்கு அவருடைய தளபதி தெரிகிறானா என்பதுதான் கேள்வி. தளபதி இடிந்த சுவருக்குப் பின்னால் நின்றான்; மேலே நீட்டிக்கொண்டிருந்தது கொடி மட்டும். கொடி, ஈட்டி நுனி, விரித்த இறக்கை இதெல்லாம் உடம்பில் சேராது என்று நாங்கள் ஆடிய விதி தெளிவாகச் சொல்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஆசையாக உயரமான கொடி வைத்துப் பொம்மையைச் செய்தவன் அந்த அழகுக்காகவே அடி வாங்கக் கூடாது. நான் குனிந்து, வீரனின் தலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். லேசரையும் அடித்துப் பார்த்தேன். கொடியில்தான் பட்டது. தெரியவில்லை என்றேன். அவரோ நான் குனிவதற்கு முன்பே "தெரியுது, தெரியுது, சுடு" என்று பையனிடம் சொல்லிவிட்டிருந்தார்.

அவர் அப்படித்தான். பகடை எதிலாவது சாய்ந்து நின்றுவிட்டால், எதிராளி விருப்பப்படி மறுபடி உருட்டிக்கொள்ளட்டும் என்பார். "உன் பீரங்கி இன்னும் சுடலையே" என்று தன்னைச் சுட வேண்டியவனுக்கே ஞாபகப்படுத்துவார். ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், எதிராளியின் படையிலிருந்து ஒரு பொம்மையைக் கையிலெடுத்து, இந்த முகத்துக்கு எப்படி நிழல் கொடுத்தாய் என்று கேட்பார். அது வெறும் மரியாதைக்காகக் கேட்பதில்லை. அடுத்த தடவை அவர் பொம்மைகளில் அந்த நிழல் இருக்கும். நடுவர் வேலை பார்ப்பவனுக்கு அவர் ஆடும் மேசை விடுமுறை மாதிரி. அங்கிருந்து அழைப்பே வராது. அன்றைக்கும் அவர் கூப்பிடவில்லை. கையைத் தூக்கியது பையன்.

என் பக்க நியாயத்தை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அவன் சலுகை கேட்கவில்லை. தெரிகிறதா, இல்லையா என்று கேட்டான். அவனுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது, அவர் பரிசு கொடுக்கப் பார்த்தார். புதிதாக வருகிறவனுக்கு இரண்டும் ஒன்றல்ல என்று இப்போதும் நினைக்கிறேன். அதோடு இது போட்டி. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி உள்ளவர்களை ஜோடி சேர்க்கிறோம். ஒரு மேசையில் கூடுதலாக விழும் புள்ளி அந்த மேசையோடு நிற்பதில்லை. அரங்கின் இன்னொரு மூலையில், இந்தச் சுவரையும் கொடியையும் பார்த்தே இராத ஒருவர் ஓர் இடம் கீழே போவார். தாராளத்துக்கான விலை அவர் கணக்கிலிருந்து மட்டும் போயிருந்தால், சம்பளம் வாங்கிக்கொண்டு நான் அங்கே குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்படிச் சொல்லி முடித்ததும், நன்றாகத்தான் வாதாடுகிறேன் என்று தோன்றும். அப்புறம், யாரிடம் வாதாடுகிறேன் என்று தோன்றும்.

இந்த வழக்கு எங்கள் இருவரோடு தொடங்கியதில்லை. அதை எனக்குச் சொன்னவரே அவர்தான். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய இளம் அதிகாரி, படைப் பயிற்சிக்காக வரைபடத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வெளியிட்டார். ஆடுபவர்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை நடுவர் நிறைவேற்றுவார். எதிரிக்குத் தெரியக்கூடிய படைகளை மட்டும் வரைபடத்தில் வைப்பார். எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். அந்தக் கணக்குகளிலேயே ஆட்டம் சிக்கிக்கொள்கிறது என்று பட்டதால், 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி அட்டவணைகளை ஓரம் கட்டிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அவர் என்னிடம் "நீங்க 1824, நான் 1876" என்பார். "1876லயும் தீர்ப்பு நடுவர் கையிலதான் சார், ஆடுறவர் கையில இல்ல" என்பேன். அதற்கு அவரிடம் பதில் இருந்ததாக ஞாபகம் இல்லை. பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லையோ என்னவோ.

நினைவுக் கூட்டத்தில் அந்தப் பையன் பேசினான். இப்போது நன்றாக வளர்ந்து, மற்றவர்களுக்கு பெயின்ட் அடிக்கச் சொல்லித்தருகிறான். "சுவருக்குப் பின்னால இருந்தாலும் பரவாயில்ல, சுடுன்னார். சுட்டேன், தளபதி விழுந்தான். அவரே கை தட்டினார். அன்னிக்கு அவர் அப்படிச் செய்யலைன்னா நான் இங்க இருந்திருக்க மாட்டேன்." அவன் கதையில் நடுவர் என்று ஒருவர் வரவே இல்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து திருத்தவில்லை. திருத்துவதற்கு அது இடமும் இல்லை.

அவன் பொய் சொன்னான் என்று நினைக்கவில்லை. பிறகு நட்புக்காக ஆடிய ஏதாவது ஆட்டத்தில் அவர் விட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். அல்லது அவர் கொடுக்க முன்வந்ததே கொடுத்ததாக அவன் மனதில் தங்கியிருக்கலாம். அப்படியென்றால் என் தீர்ப்பால் யாருக்கும் நஷ்டமில்லை: அவனுக்கு அவர் கிடைத்தார், போட்டிக்குச் சரியான புள்ளி கிடைத்தது. எனக்கு ரொம்ப வசதியான முடிவு இது. அதனாலேயே இதை முழுதாக நம்ப மனம் வரவில்லை.

இப்போது அவர் பெயரில் ஒரு விருது வைக்கப்போகிறார்கள். வென்றவருக்கு இல்லை, நல்ல எதிராளிக்கு. விதிகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆடியவர்கள் கடைசியில் தங்களுக்குப் பிடித்த எதிராளிக்கு வாக்களிப்பது வழக்கமான முறைதான். அதில் சிக்கல் இல்லை. எதையெல்லாம் பார்த்து வாக்களிக்கலாம் என்று உதாரணங்கள் கேட்டிருந்தார்கள், உறுப்பினர்களும் அனுப்பினார்கள். முதலில் இருப்பது: "விதிப்படி கிடைக்காததையும் எதிராளிக்கு விட்டுக்கொடுத்தல்." யாரை நினைத்து எழுதினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதை எழுதி வைத்தால், விருதுக்காக விட்டுக்கொடுப்பவர்கள் வருவார்கள். அவர் எதற்காகவும் விட்டுக்கொடுத்தவர் இல்லை. அந்த வரியை நீக்கிவிட்டால், அவர் பெயர் தாங்கிய விருதில் அவர் செய்ததற்கு இடம் இருக்காது. "இரு தரப்பும் சம்மதித்தால்" என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். மூன்றாம் தரப்பு உடனே வந்து நின்றது, அதை எடுத்துவிட்டேன். வரைவைக் கேட்டு நினைவூட்டல் வந்திருக்கிறது. இப்போதைக்கு வாக்கு முறையை மட்டும் எழுதிவிட்டு, உதாரணங்களுக்கான பகுதியைக் காலியாக விட்டு அனுப்பியிருக்கிறேன்.