கட்டி இருக்கிறது என்று சொன்ன பிறகு

கிராமத்துப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் பரிசோதனை என்று பேச்சை எடுத்தாலே "அத்தனை ஊருக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) மெஷினுக்கு எங்கே போவது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மெஷின் விலையை விடுங்கள், படத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த டாக்டர் வேண்டும், அந்தப் பெண்ணும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போய்வர வேண்டும். இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி தெரியாமல் போவதும் உண்டு.

அப்படியானால் கையால் தொட்டுப் பார்த்தால் போதுமா? இதற்குப் பதில் தேடித்தான் 1998-ல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, டாக்டர் இந்திரனீல் மித்ரா தலைமையில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்கள், எல்லோரும் மும்பையின் குடிசைப் பகுதிகளில் இருப்பவர்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என நான்கு சுற்று மார்பைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் இல்லை, சில வாரம் பயிற்சி எடுத்துக்கொண்ட பெண்கள், அவ்வளவுதான். மற்றப் பாதிப் பேருக்கு ஒரே ஒரு முறை விழிப்புணர்வு மட்டும். பிறகு இருபது வருடம் விடாமல் எல்லோரையும் கவனித்து வந்தார்கள்.

முடிவு 2021-ல் வந்தது. நோய் வந்தவர்களில், முற்றிய நிலையில், அதாவது மூன்றாவது நான்காவது ஸ்டேஜில், அது கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதனை நடந்த பகுதிகளில் 37 சதவீதம், மற்றப் பகுதிகளில் 47 சதவீதம். 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் இந்த நோயால் வந்த மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 15 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. 50-க்குக் கீழே மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. ஆனாலும் வெறும் கை மட்டுமே கருவியாக இருக்கிற ஒரு முறைக்கு இது சின்ன விஷயம் இல்லை என்பதுதான் என் எண்ணம்.

சரி, அப்படியானால் பெண்களுக்கே சுயபரிசோதனை சொல்லிக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். சீனாவின் ஷாங்காயில் பஞ்சாலைப் பெண்கள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்து அதையும் பார்த்துவிட்டார்கள். மரணம் குறையவில்லை, ஆபத்தில்லாத கட்டிகளுக்குச் செய்த பயாப்ஸிதான் (திசுவை எடுத்துச் சோதிப்பது) கூடியது.

நம் பக்கம் வருவோம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை என்று மத்திய அரசு 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், வாழ்நாளில் ஒரு தடவையாவது அப்படிப் பரிசோதித்துக்கொண்டதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுக்க நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஐந்து ஆறு பேர். அந்த ஆய்வு முடிந்த பிறகு, 2021 ஆகஸ்டில்தான் இங்கே மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கே வருகிற தன்னார்வலர் அநேகமாக அதே ஊர்ப் பெண். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்தைக்கூட அவரிடம் "ஏக்கா, இங்க ஒரு கட்டி மாதிரி இருக்குது" என்று சொல்லிவிடுவார்கள். இந்த நெருக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஆனால் கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. என் அத்தைக்கு அப்படித்தான். சுகாதார நிலையத்து நர்சம்மா தொட்டுப் பார்த்து, சந்தேகமாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அத்தை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார், ஸ்கேனுக்கு வேறொரு தேதி கொடுத்தார்கள், அந்தத் தேதியில் நடவு வந்துவிட்டது. கட்டி வலிக்கவே இல்லை, அதனால் வீட்டில் யாருக்கும் பதற்றமும் இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. மறுபடி போவதற்குள் அக்குளிலும் நெறி கட்டிவிட்டது. மார்பை எடுத்து, கீமோ கொடுத்து, இப்போது நடமாடுகிறார். அந்தச் சீட்டு கடைசிவரை அவர் சுருக்குப்பையில்தான் இருந்தது.

மும்பையில் கட்டி தெரிந்த பெண்ணை டாடா மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், சோதனையும் சிகிச்சையும் இலவசம், அதற்குப் பிறகும் பணியாளர்கள் வீடு தேடிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்தப் பின்தொடர்தலையும் சேர்த்துத்தான் அந்த 30 சதவீதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வந்ததிலிருந்து 60 நாளுக்குள் நோயா இல்லையா என்று முடிவு சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே வைத்திருக்கிற இலக்கு. முகாம் நடந்தால் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்றுதான் பேனர் வைக்கிறார்கள். சந்தேகம் என்று அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு பயாப்ஸி முடிந்தது, எத்தனை நாளில் முடிந்தது, போகாதவர் வீட்டுக்கு யார் போனார்கள் என்பதையும் ஒவ்வொரு சுகாதார நிலைய வாசலிலும் மாதாமாதம் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் ஊர் கிராமசபையில் நான் இதைக் கேட்கப் போகிறேன், உங்கள் ஊரிலும் கேளுங்கள்.