சொல்லாமலே இருந்திருக்கணுமா?

“அப்ப நான் சொல்லாமலே இருந்திருக்கணும், இல்லயா மேடம்?”

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஓசூரை அடுத்த தளி பக்கத்து லெட்டூஸ் (பச்சையாகத் தின்னும் சாலட் கீரை) தோட்டம், காலை ஐந்தே முக்கால். அந்த அக்கா கோபமாகக் கேட்கவில்லை. கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கிற குரலில் கேட்டார். “சொன்னது நல்லதுக்கா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றேன். இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட்டும் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். முதல் பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அங்கே சுகாதாரம் பார்ப்பது என் வேலை. கீரை வெட்டு தொடங்குமுன் தினமும் நோட்டைப் பிரித்து நான்கு கேள்வி கேட்பேன். பேதி, வாந்தி, காய்ச்சல், கையில் வெட்டுக்காயம். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக “இல்ல, இல்ல” என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டுக் கத்தியை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துப் போவார்கள். அன்று அவர் மட்டும், “ராத்திரி நாலு தடவ வயித்தால போச்சு மேடம், இப்பப் பரவால்ல” என்றார். யாரும் துருவிக் கேட்கவில்லை. அவராகச் சொன்னதுதான்.

ஏன் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம்தான் பயிற்சி வைத்திருந்தேன். 2012-இல் ஜெர்மனியில் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் உறைய வைத்த ஸ்ட்ராபெரி சாப்பிட்டு ஏறத்தாழ 11,000 பேர் வாந்தியும் பேதியுமாகப் படுத்த கதையைச் சொன்னேன். சீனாவிலிருந்து போன பழம், அதில் நோரோவைரஸ் என்ற வயிற்றுக் கிருமி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இந்த அக்காதான், “கொழந்தைங்க பொழச்சுதுங்களா?” என்று கேட்டார். பிழைத்துவிட்டார்கள் என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது. கூட்டத்தில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டவரைத்தான் மூன்று நாள் கூலி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினேன். அன்றைய நாள், பிறகு எங்கள் விதிப்படி பேதி நின்று 48 மணி நேரம். ஒரு நாளைக்கு 350 என்றால் 1,050 ரூபாய்.

என் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு, அதை நான் இன்னும் விடவில்லை. லெட்டூஸை யாரும் சாம்பாரில் போட்டுக் கொதிக்க விடுவதில்லை. இங்கே விடியற்காலையில் வெட்டினால் மறுநாள் மதியம் பெங்களூரில் யாரோ ஒருவர் தட்டில் பச்சையாக இருக்கும். கழுவுத் தொட்டியில் குளோரின் போடுகிறோமே என்று கேட்பார்கள். ஒரு கீரையிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தண்ணீரைக் காப்பதுதான் அந்தக் குளோரினின் முக்கிய வேலை. இலை மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டதை எல்லாம் அது எடுத்துவிடாது. நோரோவைரஸ் ஒரு சிட்டிகைகூட வேண்டாம், சில பத்துத் துகள்கள் உள்ளே போனால் போதும். வாசலில் மாட்டியிருக்கும் சானிடைசர் அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். லெட்டூஸ் வெட்டுகிறவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? தண்டிலிருந்து வழியும் பால் விரலில் காய்ந்து காப்பி நிறமாகிவிடும், பிசுபிசுவென்று ஒட்டும். கையுறை கிழிந்தால்கூடத் தெரியாது. அந்தக் கையை நம்பி நான் அன்று கத்தியைக் கொடுத்திருக்க முடியாது.

இந்த விதிகள் மேல் எனக்கு வெறுப்பும் கிடையாது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இல் வந்தது, விவசாயியையும் வயலையும் வெளியே விட்டுவிடுகிறது, 18ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. வயலுக்குள் விதி நுழைவது வாங்குகிறவர் வழியாக, குளோபல் கேப் (GLOBALG.A.P.) மாதிரி, நல்ல விவசாய முறைக்கான சான்றிதழ் வழியாக. வேலை செய்யும் இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கழிப்பறை வேண்டும் என்று அதில் இருந்ததால்தான் எங்கள் தோட்டத்தில் கழிப்பறை வந்தது. அதற்கு முன் பெண்கள் தைல மரத் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அந்தச் சங்கடத்துக்காகவே மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். இதை எந்த அரசு அதிகாரி வந்தும் மாற்றவில்லை, அந்தச் சான்றிதழின் செக்லிஸ்ட் மாற்றியது. அதனால்தான் அந்த செக்லிஸ்டை நான் அவ்வளவு நம்பினேன் என்று தோன்றுகிறது.

ஆனால் அன்று இரவு அதே செக்லிஸ்டை எடுத்து மறுபடி படித்தேன். பேதி, வாந்தி உள்ளவர் விளைபொருளையும் அதைத் தொடும் கருவிகளையும் தொடக் கூடாது. இருந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பு என்று எங்கும் இல்லை. கூலி யார் கொடுப்பது என்பதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

இருநூறு மீட்டர் தள்ளி அதே முதலாளியின் ரோஜா ஷெட் இருக்கிறது. ஓசூர் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மொட்டுக்குக் கேப் என்கிற வலை உறை மாட்ட, பக்கக் கிளை கிள்ள எந்த நாளும் ஆள் போதாது. ரோஜாவை யாரும் தின்னப் போவதில்லை. “அக்கா, இன்னிக்கு ரோஜா பக்கம் போங்க” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். தோன்றவில்லை. இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள், வெயில் ஏறினால் இலை துவண்டுவிடும், வண்டி ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதுதான் எனக்கு வேகமான வழி. அதை விதி என்று நானே நம்பிக்கொண்டேன்.

சில நாள் இதற்கும் என் மனதிலேயே ஒரு மறுப்பு வரும். இரவு முழுக்க வயிற்றால் போன ஒரு பெண்ணைப் பிளாஸ்டிக் ஷெட்டின் புழுக்கத்தில் நிற்க வைப்பது மட்டும் சரியா? அவருக்கு வேண்டியிருந்தது ஓய்வுதானே? அப்படியானால் கூலியோடு ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். அதை முதலாளியிடம் கேட்டேன், அடுத்த வாரம். “இன்னிக்கு ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்குப் பத்துப் பேருக்கு வயிறு வலிக்கும்மா” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு லோடு திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று தூக்கமில்லாமல் கிடப்பவர். நானும் மாதச் சம்பளக்காரி, எனக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன், சம்பளம் வந்துவிடும். அதை அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு நோட்டில் எல்லாம் “இல்லை”தான். பக்கம் பக்கமாக, மழைக்காலத்தில்கூட. இருபது பெண்கள், அவர்கள் வீட்டில் குழந்தைகள், ஊரில் ஒரே தண்ணீர் டேங்க். எட்டு மாதமாக ஒருவருக்குக்கூட வயிறு கெடவில்லையாம். சான்றிதழ் தணிக்கைக்கு வந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா மெயின்டெயின் பண்றீங்க” என்றார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க முடியாது. அவர் போன பிறகு அந்தப் பக்கங்களை மறுபடி பார்க்க முடியவில்லை. ஒரு நாள் மூன்று முறை கழிப்பறைப் பக்கம் போன ஒருவரைப் பார்த்தேன், கேட்கவில்லை. களை எடுக்க ஆள் வேண்டும் என்று பொய் சொல்லி வரப்புக்கு மாற்றினேன். நோட்டில் அன்றும் “இல்லை”.

இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன். பேதி இருக்கா என்று எல்லார் முன்னாலும் கேட்பதில்லை. “இன்னிக்கு யாராச்சும் ரோஜா பக்கம் போறீங்களா?” என்கிறேன். அதே கூலி, காரணம் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு வாரம் யாரும் அசையவில்லை. மூன்றாம் வாரம் இரண்டு பேர் போனார்கள். வயிறு சரியில்லாமல் போனார்களா, குனிந்து வெட்டுவதைவிட நின்று கேப் மாட்டுவது இடுப்புக்குச் சுகம் என்று போனார்களா, எனக்குத் தெரியாது. முதலாளி கேட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியாது. அடுத்த தணிக்கையில் அந்தப் பக்கத்தை எப்படிக் காட்டுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அக்கா வரவில்லை. நாலாம் நாள் வருவார் என்று அவர் கத்தியைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பேரிகை ஊரில் கட்டட வேலைக்குப் போகிறார் என்றார்கள். அங்கே காலையில் யாரும் எதுவும் கேட்பதில்லையாம்.