தலைப்பைச் சரிபார்க்கும் வேலையை இயந்திரத்திடம் விடுங்கள்

மென்பொருள் குழுக்களில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புல் ரிக்வெஸ்ட்டின் (நிரல் மாற்றத்தை இணைத்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையின்) தலைப்பைத் திருத்தச் சொல்லும் வேலை மனிதர்களுக்கு வேண்டாம். சொல்பவர் களைத்துப்போகிறார், கேட்பவருக்கு மனம் கசக்கிறது.

கமிட் எனப்படும் நிரல் மாற்றப் பதிவுகளுக்குச் செய்தி எழுதும் கன்வென்ஷனல் கமிட்ஸ் விதிப்படி, தலைப்பு ‘ஃபிக்ஸ்’ (fix) என்று தொடங்கினால் பிழைதிருத்தம், ‘ஃபீட்’ (feat) என்றால் புதிய வசதி. அதைப் படித்துத்தான் செமாண்டிக் ரிலீஸ் போன்ற வெளியீட்டுக் கருவிகள் பதிப்பு எண் 1.4.2-க்கு அடுத்து 1.4.3 வருமா, 1.5.0 வருமா என்று முடிவு செய்கின்றன.

கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இந்தத் தலைப்புச் சோதனையை அமைக்கும்போது பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தாலோ, மீண்டும் திறந்தாலோ, புதிய கமிட் சேர்த்தாலோதான் சோதனை இயல்பாக ஓடும். தலைப்பை மாற்றினால் ஓடாது! ‘எடிட்டட்’ (edited) என்ற நிகழ்வு வகையையும் நீங்களே சேர்க்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பைச் சரிசெய்த பிறகும் சிவப்புக் குறி அப்படியே நிற்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் திணறிப்போவார்கள்.

எல்லாக் கமிட்டுகளையும் ஒன்றாக்கும் ஸ்குவாஷ் முறையில் இணைப்பவர்கள் கவனிக்க: ஒரே ஒரு கமிட் இருந்தால், இயல்பாக அந்தக் கமிட்டின் தலைப்புதான் வரலாற்றில் பதியும். புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பே பதியும்படி களஞ்சிய (ரெப்பாசிட்டரி) அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது பாதுகாப்பு. பொதுத் திட்டங்களில் தலைப்பை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதை அப்படியே சோதனையை ஓட்டும் ஷெல் கட்டளைக்குள் செருகினால், தலைப்புக்குள் ஒளிந்திருக்கும் கட்டளையும் சேர்ந்து ஓடும். தயவுசெய்து சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) வழியாக அனுப்பி, மேற்கோள் குறிக்குள் வைத்துப் பயன்படுத்துங்கள்.

சோதனை தோற்றால் வரும் செய்தியில் சரியான தலைப்பு ஒன்றையும் எடுத்துக்காட்டாகக் கொடுங்கள்.