ஊன்றிய இடக்கால்

நாற்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வந்த நான், அத்தனை காலமும் அங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்கு நல்ல மதிப்பெண், எனக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாறுதல், கணவருக்குப் பதவி உயர்வு, பிறகு மகளுக்கு நல்ல வரன் என்று ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொன்றைக் கேட்டேன். கிடைத்தபோது மாவிளக்கு எடுத்தேன். கிடைக்காதபோது அடுத்த வாரமும் போய்க் கேட்டேன். இதில் தவறு இருப்பதாக இன்றும் நான் நினைக்கவில்லை. தாயிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆனால், கேட்பது ஒன்றையே பக்தி என்று நான் நம்பியிருந்தேன் என்பது 2018 ஆடி மாதத்தில் என் கணவர் நோயில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் கணவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருந்தன. இவை இரண்டும் சிறுநீரகத்தில் உள்ள நுண்ணிய வடிகட்டிகளைச் சிறுகச் சிறுகக் கெடுத்துவிடும் என்பதும், வலி எதுவும் இல்லாததால் நோய் முற்றிய பிறகே பெரும்பாலும் தெரியவரும் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. காலில் வீக்கம், காலையில் எழுந்தால் குமட்டல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு என்று தொடங்கி, இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்த அன்று எல்லாம் வெட்டவெளிச்சமானது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதற்காக இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்தார்கள்.

முதல் ஆறு மாதம் நான் போகாத கோயில் இல்லை. திருமோகூரில் சக்கரத்தாழ்வாரைச் சுற்றினேன். வண்டியூர் மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் கதவின் முன்னால் நின்று, இவர் குணமானால் இன்னது செய்கிறேன், இந்த மாதத்துக்குள் குணமானால் இன்னும் கூடச் செய்கிறேன் என்று விலை ஏற்றி ஏற்றிப் பேசினேன். ஆறு மாதம் கழித்தும் அதே நாற்காலி, அதே இயந்திரம், அதே இரண்டு ஊசிகள். தை மாதத்தில் ஒரு நாள் மாலை பூசையறைக்குள் போனவள், விளக்கேற்றாமல் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாளும் ஏற்றவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நான் விளக்கேற்றவில்லை.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன ஆறுதல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "ஆண்டவன் சோதிக்கிறான்" என்பார்கள். வாரந்தோறும் இரத்தச் சோதனை முடிவுக்காகக் காத்திருந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். ஒரு மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவர் மனைவியின் அன்பை அளந்து பார்க்கும் கடவுளை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் ஏற்கவில்லை. "போன பிறவி வினை" என்றவர்களும் உண்டு. வலியில் படுத்திருப்பவரின் காதுபட வினையைப் பேசுவதைவிடப் பேசாமல் எழுந்து போய் ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுப்பது பெரிய சிவபுண்ணியம் என்றே நான் நினைக்கிறேன். என் அத்தை அதைத்தான் செய்தார். எண்பது வயதில், மகனுக்காக உப்பில்லாமல் தனியாகச் சமைத்தார். வாழைக்காயும் உருளைக்கிழங்கும் பொடியாக நறுக்கி நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்து ஊற்றிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும் என்று உணவு ஆலோசகர் சொன்னதை ஒரு நாளும் மறக்கவில்லை. காய்களில் உள்ள பொட்டாசியம் அவருடைய நெஞ்சுக்கு ஆபத்து. அத்தைக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வராது. "கெட்ட தண்ணி" என்பார்.

விளக்கேற்றாத அந்த இரண்டு மாதத்தில்தான் அப்பர் சுவாமிகளின் கதை வேறு விதமாக நினைவுக்கு வந்தது. நான் தமிழாசிரியை, எத்தனையோ முறை வகுப்பில் சொன்ன கதை. சூலை நோயால் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் வந்து, அவர் கையால் திருநீறு பெற்று, திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தில் நோய் தீர்ந்தது என்று சொல்லி முடித்துவிடுவேன். பிள்ளைகளும் நோய் தீர்ந்ததைத்தான் எழுதுவார்கள். ஆனால், அந்தப் பதிகம் தொடங்குவதே முறையீட்டில். கூற்றுவனைப்போல வந்து வருத்தும் இந்த நோயை விலக்கமாட்டீரா என்று கேட்கிறார்; குடலோடு முடக்கியிடும் வலியை ஆற்றமாட்டேன் என்கிறார். வலியை அடக்கிக்கொண்டு பாடிய புகழ் அன்று அது. வலியே பாட்டாக வந்தது. நாலாம் திருமுறை அந்த முறையீட்டோடுதான் தொடங்குகிறது. இதை உணர்ந்த அன்று, பூசையறைக்குள் போய், விளக்கேற்றாமலே, என் மனத்தில் இருந்த கோபம் முழுவதையும் வாய்விட்டுச் சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். பிறகு விளக்கேற்றினேன்.

என் கணவருக்கு இந்தக் குழப்பம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கோயிலுக்கு அதிகம் போகிறவர் அல்லர். காலையில் குளித்ததும் நெற்றியிலும் கைகளிலும் திருநீறு பூசுவார், அவ்வளவுதான். ஃபிஸ்டுலா வைத்த பிறகு, ஊசி குத்தும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் இடக்கையில் பூசுவதை நிறுத்திவிட்டார். வலக்கையில் மட்டும் மூன்று கோடுகள். அந்தக் கையில் பூசி முடித்ததும் வலக்கை விரல்களை இடக்கை மணிக்கட்டுக்கு மேல் மெல்ல வைத்துப் பார்ப்பார். இணைத்த குழாயில் இரத்தம் வேகமாக ஓடும்போது தோலுக்கு அடியில் ஓர் அதிர்வு தெரியும். அது தினமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காதை வைத்தால் வண்டு முரல்வது போல ஓசை கேட்கும். நானும் காதை வைத்துக் கேட்பேன். கண்ணை மூடி அவர் விரல் வைத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தை, சந்தியாவந்தனத்தைப் போல, சிவபூசையைப் போல, அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. அவர் அங்கே என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை. அதிர்வு இருக்கும் வரை, "இருக்கு" என்று மட்டும் சொல்வார்.

குடிநீருக்கும் அளவு. நாள் முழுவதற்கும் 750 மில்லி. அதில் மாத்திரைக்கும் மோருக்கும் சேர்த்துத்தான் கணக்கு. மதுரைச் சித்திரை வெயிலில் அது என்ன கொடுமை என்பதைப் பக்கத்தில் இருந்தவர்களே அறிவார்கள். 2019 இல் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் எங்கள் தெருமுனை நீர்மோர்ப் பந்தலில் ஒரு சிறுவன் அவர் கையில் பானகக் குவளையைத் திணித்துவிட்டான். மறுத்தால் பிள்ளையின் முகம் வாடும் என்று வாங்கி, ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "போதும்யா, நிறைஞ்சிருச்சு" என்று என்னிடம் கொடுத்தார். அந்தக் குவளையை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

டயாலிசிஸில் உடம்பிலிருந்து நீரை இழுக்கும்போது பலருக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இவருக்கு மூன்றாவது மணி நேரத்தில் தொடங்கும். சில நாட்களில் இரவிலும் வரும். நான் அவர் பாதத்தைப் பிடித்து விரல்களை முழங்கால் பக்கமாக அழுத்திக்கொண்டே நிற்பேன். சதை இளகும் வரை விடக் கூடாது. "கால் வலிக்குதாங்க?" என்று இருட்டில் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி என் வாயிலேயே தங்கிவிட்டது.

அப்படி ஓர் இரவு விழித்த மறுநாள், வெள்ளிக்கிழமை, சுவாமி சந்நிதிக்குள் வெள்ளியம்பலத்தின் முன்னால் நின்றேன். மற்ற தலங்களில் ஆடவல்லான் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கியிருப்பான். மதுரையில் மட்டும் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறான். மதுரைக்காரர்களுக்கு இது பால்குடி மறந்த நாளிலேயே தெரிந்த செய்தி. இராசசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலைகளைக் கற்றுத் தேர்ந்துவிட்டு, கடைசியாக ஆடற்கலையைக் கற்கத் தொடங்கினான். ஆடிப் பார்த்தபோதுதான் உடம்பு படும் பாடு அவனுக்குத் தெரிந்தது. உடனே அவனுக்குத் தன் கால் நினைவுக்கு வரவில்லை. ஓயாமல் ஒரே காலில் நிற்கும் இறைவனின் கால் நினைவுக்கு வந்தது. கால் மாறி ஆட வேண்டும், இல்லாவிட்டால் வாளில் விழுந்து உயிர்விடுவேன் என்று வேண்டினான். இறைவன் மாற்றி நின்றான்.

இந்தக் கதையை நூறு முறை சொல்லியிருக்கிறேன். பாண்டியன் தனக்கென்று எதையும் கேட்கவில்லை என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது. அரசன்; கேட்க எவ்வளவோ இருந்திருக்கும். தன் உடம்பில் கண்ட வலியைக் கொண்டு அவன் கடவுளுக்கும் வலிக்குமே என்று அறிந்துகொண்டான். வலி அவனைக் கடவுளிடமிருந்து விலக்கவில்லை, கடவுளின் கால் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரவெல்லாம் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்ற கையோடு நான் அங்கே நின்றிருந்தேன். அன்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்கக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டதாக யாரும் எண்ண வேண்டாம், தோன்றவில்லை, அவ்வளவுதான். நெடுநேரம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மருத்துவமனையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற அமைதியோடு வீடு திரும்பினேன்.

நோய் அதனால் குறையவில்லை. 2020 இல் ஊரடங்கு வந்தது. கோயில் அடைத்திருந்தது, மே 4 ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்கள் மட்டும் இருக்க நடந்தது, நாங்கள் வீட்டில் திரையில் பார்த்தோம். திருமாங்கல்யம் பூட்டும் அந்த நேரத்தில் மதுரைப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் நானேதான் மாற்றிக்கொள்வேன். அந்த ஆண்டு அவர் மஞ்சள் கயிற்றைக் கையில் வாங்கினார். ஃபிஸ்டுலாவில் ஊசி குத்திக் குத்தி இடக்கை தடித்திருந்தது; விரல் வளையவில்லை. முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது முடிச்சில் கயிறு இரண்டு முறை நழுவியது. மூன்றாவதைப் போட்டு முடிப்பதற்குள் திரையில் அட்சதை தூவி முடித்திருந்தார்கள். "நேரம் தப்பிருச்சே" என்றார். இல்லை என்றேன். அந்த முடிச்சுகளின் கோணல் என் விரலுக்கு இன்றும் தெரியும்.

2021 மாசியில் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து, வீட்டிலேயே போய்விட்டார். ஓராண்டு கோயிலுக்குப் போகாதது எங்கள் குடும்ப வழக்கம். முன்பிருந்த என் பக்தியாக இருந்தால் அந்த ஓராண்டில் காய்ந்து உதிர்ந்திருக்கும். கேட்டது கிடைக்கவில்லை, கேட்கும் இடத்துக்கும் போக முடியவில்லை என்றால் பிறகு அதற்கு என்ன வேலை? ஆனால் விடியற்காலையில் நான் பூசையறையில் உட்கார்ந்தேன். அழுத நாட்களும் உண்டு, ஏன் என்று கேட்ட நாட்களும் உண்டு. யாரும் இல்லாத அறையில் பேசுகிறோம் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. இதை நான் எப்படி நிறுவுவது என்று தெரியவில்லை. நிறுவ விரும்பவும் இல்லை. அவர் விரல் வைத்துப் பார்த்து "இருக்கு" என்று சொல்வாரே, அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 சித்திரையில் மக்கள் கூட்டத்தோடு திருவிழா நடந்தபோது மேல மாசி வீதியில் நின்று தேர் பார்த்தேன். இப்போது சனிக்கிழமைகளில் அவர் சிகிச்சை பெற்ற அதே இடத்துக்குப் போய், புதிதாக வருகிறவர்களின் வீட்டாரோடு சிறிது நேரம் உட்கார்ந்திருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் இளம்பெண், கணவருக்கு முப்பத்தாறு வயது, என்னிடம் முதலில் கேட்டது, "எந்தக் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டா சரியாகும் அக்கா?" என்பதுதான். காயை வேகவைத்து நீரை வடிப்பதையும், காலையில் அதிர்வைத் தொட்டுப் பார்ப்பதையும், கெண்டைக்கால் இழுத்தால் பாதத்தை எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்பதையும் முதலில் சொல்லிக்கொடுத்தேன். நேர்ந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை அவளை வெள்ளியம்பலத்துக்கு அழைத்துப் போய், இராசசேகர பாண்டியன் கதையைச் சொன்னேன்.

அவள் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஊன்றிய இடக்காலையே வெகுநேரம் பார்த்தாள். "மாத்தியும் எத்தனை காலமாச்சு அக்கா," என்றாள். "இப்ப இந்தக் காலு வலிக்கும்ல?"