ஒரு மூச்சுக்கு ஒரு பல்லவி

வெள்ளிக்கிழமை எங்கள் நூலகத்துக்கு வார விடுமுறை. நான் எழுதுவதெல்லாம் அந்த ஒரு நாளில்தான். பாம்பன் பக்கத்தில் ஊர்ப்புற நூலகர் வேலை. ஒற்றை அறை, நாலு பெஞ்சு, உப்புக்காற்றில் துருவேறி, இழுத்தால் அலறுகிற இரும்பு அலமாரிகள். காலையில் பெரியவர்கள் வந்து தினசரியைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், விசைப்படகுக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். அப்போது ஒரு தாளுக்கு மூன்று பேர். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பெண்பிள்ளைகள்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் என்னிடம் புத்தகம் இல்லை. சிறுவர் பகுதியில் பேசுகிற முயலும் நரியும் இருக்கின்றன. அதைத் தாண்டிக் கையை நீட்டினால் நேராக மாத நாவல், கல்யாணம், மாமியார். பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் நடுவில் இருப்பவள் இரண்டு அலமாரிக்கும் இடையில் உள்ள சந்தில்தான் நிற்க வேண்டும். துணிந்த ஒன்றிரண்டு பேர் 'பொன்னியின் செல்வ'னைத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் பாகம் திரும்பி வர இரண்டு மாதம் ஆகும், இரண்டாம் பாகம் ஒரு வாரத்தில் வந்துவிடும். இரண்டாம் பாகம் பூங்குழலியின் படகோடு தொடங்குவதால்தான் என்பது என் கணிப்பு.

சரி, நாமே ஒன்று எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கதாநாயகி முனீஸ்வரி, வயது பதினாறு. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. இவள் வல்லம் என்கிற நாட்டுப்படகை ஓட்டுவாள், வம்புக்கு வந்தவனை அறைவாள், இடுப்பில் கத்தி வைத்திருப்பாள், எந்தப் பக்கத்திலும் அழமாட்டாள். யாரைப் பார்த்து எழுதினேன் என்பதை மறைக்க வேண்டாம். மதுரையில் படிக்கும் என் அக்கா மகள் வீட்டில் விட்டுப்போன 'ஹங்கர் கேம்ஸ்' நாவலை (2008-ல் வந்தது) அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து முடித்திருந்தேன். சாகும்வரை மோதுகிற போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் தங்கையின் பெயர் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தானே முன்னால் வந்து நிற்கிற வில்லாளி காட்னிஸ் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

காதில் பாட்டு ஓடாவிட்டால் எனக்கு ஒரு வரி வராது. பக்கத்து வீட்டு மிக்சியையும் தெருவில் நிற்கிற ஐஸ் லாரியையும் அடக்கத்தான் முதலில் ஹெட்போன் வாங்கினேன். நாளாவட்டத்தில் பாட்டே எழுத்தை ஓட்ட ஆரம்பித்தது. முனீஸ்வரிக்காகச் சண்டைக்காட்சிப் பின்னணி இசையாகத் தேடிச் சேர்த்தேன். உறுமி ஏறினால் அவள் ஓடுவாள், டிரம்ஸ் விழுந்தால் எவனாவது விழுவான். ஒரே வெள்ளிக்கிழமையில் இருபது பக்கம்கூட எழுதியிருக்கிறேன். அந்த மாதங்களில் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முடித்ததும் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, என் பெயர் இல்லாமல் அலமாரியில் வைத்தேன். ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை எடுத்துப் போனாள். நாலாம் நாள் கொண்டுவந்தாள்.

"இது யாரு எழுதுனதுக்கா?"

"யாரோ. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ மூச்சே விடமாட்டேங்குறாளே."

நான் பேசாமல் இருந்தேன். அவளே தொடர்ந்தாள். "அழவும் மாட்டேங்குறா. எங்கம்மா பாசிக்குப் போயிட்டு வந்து, கை எரியுதுன்னு அழுதுகிட்டேதான் சோறு வடிக்கும். மறுநாள் விடியுமுன்ன வல்லத்துல ஏறிரும்."

இந்தக் கரையில் கடல்பாசி எடுப்பது பெண்கள் வேலை. வல்லத்தில் போய், பாறை இருக்கிற இடத்தில் இறங்கி, முங்கி முங்கிப் பறித்துக்கொண்டு வருவார்கள். விரலில் துணிக்கீற்றைச் சுற்றியிருப்பார்கள். அப்படியும் பாறை கிழிக்கும், உப்புத்தண்ணீர் அதில் ஏறும். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து அல்ஜினேட். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் நம் நாக்குக்கு வந்துசேருகிற சமாச்சாரம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவான பிறகு தீவுப்பக்கம் போவதே பெரிய பாடு. 2015-ல் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு சீகாலஜி என்ற வெளிநாட்டுப் பரிசு கிடைத்தது. பாசி எடுக்கிற ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு பரிசு. அந்தச் செய்தி வந்த தாளை நானே கத்தரித்து நூலகச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் முனீஸ்வரிக்கு இடுப்பில் கத்தி செருகியிருக்கிறேன்.

பிரச்சினை இசையில் இருக்கிறது என்று முடிவு செய்து இசையை மாற்றினேன். இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்', 1988-ல் வந்தது, ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல். அதைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தால் முனீஸ்வரி கரையில் நின்று கடலையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள், நாலு பக்கத்துக்கு! புல்லாங்குழல் மேல் தப்பில்லை. நெய்தலுக்கு இரங்கல், அதற்கு விளரி யாழ் என்று வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அந்தப் பழைய படிப்பு என் கைக்குள் ஒளிந்திருந்தது. கடற்கரைப் பெண் என்றால் போனவனை நினைத்துக் காத்திருப்பாள். இங்கே அவளே அல்லவா கடலுக்குப் போகிறாள்?

ஒரு மாதம் எழுதவில்லை. காட்னிஸை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தபோது, முதல் வாசிப்பில் வேகமாகத் தாண்டிப்போன இடம் வந்தது. சாகிற சின்னப்பெண் ரூவின் பக்கத்தில் உட்கார்ந்து காட்னிஸ் பாடுகிறாள். அம்பு எய்வதைவிட அந்தப் பாட்டுதான் அவளை ஆபத்தில் வைக்கிறது, காட்டில் யார் காதிலும் விழலாம். பூங்குழலியும் அப்படித்தான். துடுப்பு பிடிக்கிற கைக்காரி, ஆனால் பாடிக்கொண்டேதான் நமக்கு அறிமுகமாகிறாள். நான் வில்லையும் துடுப்பையும் எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டிருந்தேன். என் காதில் உறுமி ஓடிக்கொண்டிருந்ததால் முனீஸ்வரிக்கு என்ன பாட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

உடனே அம்பாப் பாட்டைத் தேடிக் கிளம்பினேன், அது அடுத்த அசட்டுத்தனம். கரைவலை இழுக்கும்போது ஆண்கள் பாடுகிற ஏலேலோவை முனீஸ்வரி வாயில் போட்டால் ஆயிற்று என்று நினைப்பு. அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், "உங்கம்மால்லாம் வல்லத்துல போகையில என்ன பாட்டுப் பாடுவாங்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "எஞ்சின் சத்தத்துல என்னக்கா பாட்டு கேக்கும்?"

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். புத்தகத்தைப் பதிந்துகொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"தண்ணிக்குள்ளதான் பாடுமாம். மனசுக்குள்ள. ஒரு பல்லவி முடியறதுக்குள்ள மேல வந்துரணும், அதுதான் கணக்கு. சரணத்துக்கு ஆசைப்பட்டா மூச்சு முட்டிரும்னு சொல்லும்."

அன்றைக்குப் பதிவேட்டில் தேதியைத் தப்பாகப் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெட்போனை எடுக்கவில்லை. ஊரும் ஒத்துழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தியிருந்தார்கள். புதுப்பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து ரயில் போகிற சத்தத்துக்குப் பழகிய காது, அது இல்லாமல் முதலில் தவித்தது. பிறகு சின்னச் சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்தது. ஒரு பல்லவியை வாய்க்குள் ஓட்டிக்கொண்டு, முடிகிற இடத்தில் பத்தியை நிறுத்தினேன். மேலே வந்து ஒரு மூச்சு. மறுபடி முங்கல். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வந்தால் அதிகம். கத்தி முதல் வாரமே காணாமல் போய்விட்டது. அறைகிற காட்சி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், அவனுக்கு அது வேண்டும். ஏழாம் அத்தியாயத்தில் முனீஸ்வரி அழுகிறாள், அழுதுகொண்டே பாசியைக் காயப்போடுகிறாள், மேகம் கறுக்கிறது என்று தங்கையை அதட்டித் தார்ப்பாயை இழுக்கச் சொல்கிறாள். எழுதும்போது அது வீரமா இல்லையா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. மழை வருவதற்குள் பாசியை மூட வேண்டியிருந்தது.

புதிய பிரதியை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தேன். இப்போது பத்தாவது, படிப்பு நெருக்கடி, மூன்று வாரம் ஆயிற்று. புத்தகத்தை மேசையில் வைத்தவள் வேறு எதுவும் சொல்லாமல் ஒன்றைத்தான் கேட்டாள்.

"என்ன பாட்டுன்னு எழுதவே இல்லையேக்கா?"

"எனக்குத் தெரியாதே. உங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

"கேட்டேன். சொல்ல மாட்டேங்குது, சிரிக்குது."